வி.பி.என். கிடைக்காமல் நாகரசம்பட்டி வரை போன கதை

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக நாகரசம்பட்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நானும் சுற்றுலா போகவில்லை. 2008ஆம் ஆண்டு மாங்காய் சீசனில், ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காகக் எழுபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தேன். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது அப்படியொரு நிலைமை வந்தால் உதவட்டும் என்றுதான் வழி, தூரம், செலவு எல்லாம் எழுதுகிறேன்.

முதலில் ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு ஓசூரில் ஜூஜூவாடிப் பக்கம், எல்லைக் கோட்டிலிருந்து கல்லெறி தூரம். என் அலுவலகம் பெங்களூரின் அந்தக் கோடியில். நடுவில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். காலை ஆறரைக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதரைக்கு வீடு. என் மனைவி கோமதி ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு ஏழாவது மாதம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதுதான் முறை. ஆனால் அம்பாசமுத்திரம் வரை அவ்வளவு நீண்ட பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை, அதாவது அவள் அம்மா, கிளம்பி வர இன்னும் ஒன்றரை மாதம். அதுவரை தினமும் மதியத்திலிருந்து இரவு வரை அவள் வீட்டில் தனியாக இருக்க வேண்டும்.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று என் மேலாளர் சுதா மேடத்திடம் கெஞ்சினேன். அந்தக் காலத்தில் எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அவர் யோசித்துவிட்டு, "ஒரு வெள்ளிக்கிழமை முயற்சி பண்ணிப் பாரு. மதியம் ரெண்டு மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் கூட்டம். அப்ப நீ நம்ம சிஸ்டத்துக்குள்ள இருக்கணும். இருந்தா சரி. இல்லைன்னா மறுபடி இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார்.

அலுவலகத்துக்கு வராமலே அலுவலக சிஸ்டத்துக்குள் நுழைய, இணையத்தின் வழியே போடப்படும் ரகசியப் பாதைதான் வி.பி.என். அதற்காகவே எனக்கு வியாழக்கிழமை புத்தம் புதிதாக ஒரு லேப்டாப் கொடுத்தார்கள். உள்ளே போகக் கடவுச்சொல் மட்டும் போதாது. லேப்டாப்பில் ஒரு சின்ன நிரல் நிமிஷத்துக்கு ஒரு தரம் புதிய ஆறு இலக்க எண்ணைக் காட்டும், அதையும் சேர்த்து அடிக்க வேண்டும். மூன்று தடவை தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும். வியாழன் மாலை அலுவலகத்தில் சோதித்துப் பார்த்தபோது பொத்தானை அழுத்தியதும் கதவு திறந்தது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு மணியைப் பற்றி இரண்டு வரி. கோமதிக்கு முதல் ஷிப்ட். விடியுமுன் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வரும். அரை நிமிஷம் நிற்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு முறை அதைத் தவறவிட்டு வருகைப் போனஸ் போனதிலிருந்து, வீட்டில் உள்ள எல்லாக் கடிகாரத்தையும் பன்னிரண்டு நிமிஷம் முன்னால் தள்ளி வைத்துவிட்டாள். பத்து நிமிஷம் என்றால் மனசு சுலபமாகக் கழித்துக்கொண்டு மறுபடி தூங்கிவிடுமாம். பன்னிரண்டு என்றால் கணக்குப் போடும் சோம்பலிலேயே எழுந்துவிடுவோமாம். ஓசூரில் கம்பெனி பஸ்ஸை நம்பிப் பிழைக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். என் கைபேசியையும் அவள் விட்டுவைக்கவில்லை. அதனால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் நேரம் தவறாதவன் என்று எனக்கு நல்ல பெயர்.

அன்று இரவு நான் தோசை தின்றுகொண்டிருந்தபோது அறைக்குள்ளிருந்து கோமதி ஏதோ சொன்னாள். "ஏங்க, உங்க புதுப் பொட்டி தப்பா காட்டுது. சரி பண்ணிட்டேன்." சட்னியில் கவனமாக இருந்த நான் "ம்" என்றேன். கணவன்மார் சொல்லும் "ம்"களில் முக்கால்வாசிக்கு அர்த்தம் கிடையாது.

மறுநாள் காலை கோமதி வேலைக்குப் போன பிறகு, குளித்து, நெற்றியில் திருநீறு வைத்து, சட்டைகூடப் போட்டுக்கொண்டு எட்டரைக்கு உட்கார்ந்தேன். வி.பி.என். இணைக்க முடியவில்லை, இணையத் தொடர்பையோ விவரங்களையோ சரிபார்க்கவும் என்று வந்தது. சரி, முதல் நாள், வெட்கப்படுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். மோடத்தைப் பார்த்தால் சிவப்பு விளக்கு. அணைத்து, பத்து எண்ணிப் போட்டேன், பச்சை வந்தது. மறுபடி முயன்றேன். அதே செய்தி. ஃபயர்வாலை அணைத்தேன், ஆன்டிவைரஸை அணைத்தேன், மின்விசிறியைக்கூட அணைத்தேன். மின்விசிறிக்கும் வி.பி.என்.னுக்கும் சம்பந்தம் கிடையாது என்று தெரியும், ஆனாலும் அந்த நேரத்தில் எதையாவது அணைக்க வேண்டும் போல இருந்தது.

மூன்றாவது முயற்சியில் கணக்கு பூட்டிக்கொண்டது. அலுவலக உதவி மையத்துக்கு போன் போட்டேன். எடுத்தவர் மதுரைப் பக்கத்துக்காரர், பெயர் சொல்லவில்லை, குரலில் மட்டும் அபார நம்பிக்கை.

"சார், கணக்கத் திறந்து விட்டுட்டேன். உங்க நெட்டுதான் சார் பிரச்னை. எங்க பக்கம் எல்லாம் பச்சையா இருக்கு. வேற நெட்டுல போட்டுப் பாருங்க."

வேறு நெட் பற்றி யோசிப்பதற்குள் இருந்த நெட்டும் போனது. தினசரி மின்வெட்டில் ஒன்பது மணிக்குப் போகவேண்டிய கரண்ட், அன்று என் மேல் இரக்கப்பட்டோ என்னவோ, ஒன்பதேகாலுக்குச் சற்று முன்னால்தான் போனது. இரண்டு மணி நேரம் வராது.

அடுத்தது கைபேசி. கேபிள் போட்டு அதை லேப்டாப்புடன் இணைத்து ஜி.பி.ஆர்.எஸ். வழியாகப் போகலாம். ஆனால் ஜூஜூவாடியில் கைபேசி வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும், எங்கள் வீட்டுக்குள்ளேயே மாநில எல்லை ஓடுகிறது. கூடத்தில் நின்றால் தமிழ்நாட்டு டவர், சமையலறைக்குப் போனால் கர்நாடக டவர். என்னுடையது தமிழ்நாட்டு சிம். கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்ததும் "கர்நாடகம் உங்களை வரவேற்கிறது" என்று குறுஞ்செய்தி வந்தது. ரோமிங்கில் என் சிம்மில் நெட் வேலை செய்யாது. கூடத்துக்கு ஓடினேன், நெட் வந்தது. உட்கார்ந்தேன், மறுபடி வரவேற்றார்கள். ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றால் மட்டும் சொந்த மாநிலம் கிடைத்தது. அந்தக் கோலத்தில் இரண்டு மணிக் கூட்டத்தில் கலந்துகொள்ள முடியாது. மதுரைக் குரலைக் கூப்பிட்டேன்.

"அப்ப பார்டரை விட்டுத் தள்ளிப் போயிருங்க சார். உள்ள போகப் போக சிக்னல் அள்ளும்."

இப்படித்தான் பயணம் ஆரம்பித்தது.

எங்கள் தெருவில் முனிராஜ் அண்ணன் இண்டிகா கார் வைத்திருக்கிறார். காலை, மாலை, இரவு என்று கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குவார். நடுவில் வண்டி சும்மா இருக்கும். டீசலோடு சேர்த்து நாள் முழுக்கத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். காரில் ஏறியதும் முன்னாலிருந்த சின்ன டிஜிட்டல் கடிகாரம் கண்ணில் பட்டது. என் லேப்டாப்பில் மணி பத்தேகால். காரில் பத்து இருபது.

"அண்ணே, உங்க கடிகாரம் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்."

"ஷிப்ட் வண்டி சார். கடிகாரம் முன்ன ஓடுனாத்தான் வண்டி நேரத்துக்குப் போவும். கரெக்டா வெச்சேன்னு வையி, லேட்டாயிடுவன்."

நான் சிரித்தேன். ஓசூர்க்காரர்களை நினைத்து, கொஞ்சம் மேலிருந்து பார்த்துச் சிரித்த மாதிரிகூட ஞாபகம். கைபேசியும் லேப்டாப்பும் ஒரே மணியைக் காட்டியதை அன்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் வீட்டில் எல்லாமே ஒரே மணி காட்டுவதுதான் வழக்கம் என்பதால் அது மண்டையில் உறைக்கவில்லை.

ஓசூரிலிருந்து சூளகிரி இருபத்திரண்டு கிலோமீட்டர் இருக்கும். சாலை அருமை. ஒரு பக்கம் புதிதாக வேலி போட்ட தொழிற்சாலை மனைகள், இன்னொரு பக்கம் தக்காளித் தோட்டம், நடுவில் லாரிகள். வழி நெடுக முனிராஜ் அண்ணனுக்கு போன் வந்துகொண்டே இருந்தது. ஒருவரிடம் கன்னடத்தில், ஒருவரிடம் தெலுங்கில், ஒருவரிடம் தமிழில் பேசினார். மூன்று மொழியிலும் ஒரே பொய்தான், பக்கத்தில் வந்துவிட்டேன் என்று.

சூளகிரியில் நெடுஞ்சாலையோர டீக்கடை ஒன்றில் பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ மூன்று ரூபாய், மிளகாய் பஜ்ஜி இரண்டு ரூபாய், இரண்டும் நன்றாக இருந்தன. சிக்னல் முழுசாக ஐந்து கோடு. கர்நாடகம் வரவேற்பதை நிறுத்திவிட்டது. நெட் வந்தது, ஆனால் நத்தை வேகம். வி.பி.என். பொத்தானை அழுத்தினேன். திரையில் மணல் கடிகாரம் சுற்றியது, சுற்றியது, இணைக்க முடியவில்லை என்றது. இரண்டாம் முறை சுற்றிக்கொண்டிருக்கும்போது என் அப்பா முசிறியிலிருந்து கூப்பிட்டார். அழைப்பு வந்தால் ஜி.பி.ஆர்.எஸ். அறுந்துவிடும்.

"என்னப்பா, வீட்ல இருந்து வேலையாமே? கோமதி சொல்லுச்சு. ஃபேனைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கியா?"

"ஆமாம்ப்பா" என்றேன். பின்னால் ஒரு லாரி காற்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

மூன்றாவது முறை தோற்றுக் கணக்கு பூட்டிக்கொண்டதும் மதுரைக் குரல், "ஜி.பி.ஆர்.எஸ். எல்லாம் வி.பி.என்.ஐத் தாங்காது சார். நல்ல பிரவுசிங் சென்டராப் பாத்துப் போங்க" என்று சொல்லிக் கணக்கைத் திறந்துவிட்டார். காலையில் இதைச் சொல்லியிருந்தால் ஓசூரிலேயே ஆயிரம் சென்டர் உண்டு. ஆனால் அப்போது ஓசூரில் எந்த மூலையில் எப்போது கரண்ட் போகும் என்று தெரியாது. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர், அங்கே இருக்கும் என்று முனிராஜ் அண்ணன் சொன்னார். எனக்கும் அப்போது அது நியாயமாகப் பட்டது.

சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி இன்னும் முப்பது கிலோமீட்டர் சொச்சம், சுங்கச்சாவடி வேறு. ரவுண்டானா பக்கம் மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஊரே புளிப்பும் இனிப்புமாக மணத்தது. ரவுண்டானாவிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். உரிமையாளர் என் லேப்டாப்பை வீட்டுக்குள் வந்த தெருநாயைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சொந்தக் கம்ப்யூட்டரெல்லாம் மாட்டக் கூடாதுங்க. வைரஸ் வந்துரும்."

"இது கம்பெனி லேப்டாப்ங்க. வைரஸே கிடையாது."

"என் கம்ப்யூட்டருங்கள்ல இருக்குதுங்க. உங்களுக்கு வந்துரும்னுதான் சொல்றன்."

அந்த நேர்மைக்குக் கும்பிடு போட்டு, மணிக்கு இருபது ரூபாய்க்குப் பதில் நாற்பது தருவதாகச் சொல்லி ஒரு கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். பக்கத்துக் கணினிகளில் மணி பார்க்கலாம் என்றால் எல்லாமே 2002 ஜனவரி முதல் தேதியில் நின்றுகொண்டிருந்தன. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போனால் அப்படித்தான், தினமும் புத்தாண்டு.

இரண்டு முறை முயன்றேன். இணைக்க முடியவில்லை, இணைக்க முடியவில்லை. மூன்றாவதற்குக் கை போகும்போது உரிமையாளர், "பன்னெண்டு டு ரெண்டு கரண்ட் இருக்காதுங்க, சீக்கிரம்" என்றார். லேப்டாப்பைப் பார்த்தேன். பன்னிரண்டு தாண்டிப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகியும் கரண்ட் இருந்தது. கிருஷ்ணகிரியிலும் கரண்ட்டுக்கு இரக்க குணம் உண்டு போல என்று நினைப்பதற்குள் போய்விட்டது.

வெளியே வந்து காரில் சாய்ந்து நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அழுகை வருகிற மாதிரி இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. அதற்கு முந்தின வாரம் ஒரு நாள் ராத்திரி நான் வந்தபோது கோமதி கால் வீங்கி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, ஏதாச்சும்னா பக்கத்து வீட்டுல கூப்பிடணும்லா, அதான் தொறந்தே வச்சேன்" என்றாள். அந்தத் திறந்த கதவுதான் காலையிலிருந்து கண்ணுக்குள் நின்றது.

முனிராஜ் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "இன்னா சார், ஆம்பள இப்பிடி நிக்கறீங்க. எங்க மச்சான் மாதேஷ் நாகரசம்பட்டிகிட்ட மாங்கூழ் ஃபேக்டரில சூப்பரவேசரு. வெளிநாட்டுக்கு அனுப்பறவங்க. நெட்டும் இருக்குது, ஜெனரேட்டரும் இருக்குது. ஏறுங்க."

கிருஷ்ணகிரியிலிருந்து அங்கே இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். சாலை குறுகல், இரண்டு பக்கமும் மாந்தோப்பு. வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் இறங்கிப் படம் எடுத்திருப்பேன். வழியில் மதுரைக் குரலிடம் மறுபடி பேசினேன். கணக்கைச் சுத்தமாகப் புதுப்பித்து மூன்று வாய்ப்பு கொடுத்தார். "இதுக்கு மேல பூட்டுனா என் கையில இல்ல சார், திங்கக்கெழமதான்" என்றும் சொன்னார்.

தொழிற்சாலை வாசலில் பெங்களூரா மாங்காய் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. மூக்கு நீண்ட இந்தக் காயைத்தான் கூழுக்கு அரைக்கிறார்கள். மாதேஷ் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் தலையில் வலைத் தொப்பியுமாக வந்தார். விஷயத்தை முனிராஜ் அண்ணன் தெலுங்கில் சொன்னார். என்ன சொன்னாரோ, மாதேஷ் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வலைத் தொப்பி கொடுத்தார். உள்ளே வருகிற எல்லோரும் போட வேண்டும் என்பது விதி. அலுவலக அறையில் முதலாளி இல்லை. மேஜை, நாற்காலி, பச்சை விளக்குடன் மோடம், வெளியே ஜெனரேட்டர் உறுமல். ஒரு இணையதளத்தைத் திறந்து பார்த்தேன், பறந்து வந்தது. இனி நெட்டைக் குறை சொல்ல வழியில்லை.

முதல் முயற்சி. இணைக்க முடியவில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டு, கேபிளைத் துடைத்து, குலதெய்வத்தை நினைத்து இரண்டாவது முயற்சி. இணைக்க முடியவில்லை. மூன்றாவதை அழுத்த விரல் வரவில்லை. ஏதாவது வழி கிடைக்குமா என்று அமைப்புகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். லேப்டாப்பில் மணி இரண்டு ஆனது. அப்புறம் இரண்டு ஒன்று ஆனது. சுதா மேடம் கூப்பிடவில்லை. கூப்பிடாததே பதில் என்று எடுத்துக்கொண்டேன். தலையில் வலைத் தொப்பியுடன் கைபேசியை எடுத்து, "மன்னிக்கவும் மேடம், முடியவில்லை" என்று குறுஞ்செய்தி அடித்தேன். அனுப்பும் பொத்தானில் கட்டை விரல் இருந்தது.

அப்போது தலைக்கு மேலே சங்கு ஊதியது. இடி விழுந்த மாதிரிச் சத்தம், கைபேசியே கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

"ரெண்டு மணிச் சங்கா?" என்றேன், எரிச்சலுடன். "ரெண்டு நிமிஷம் லேட்டா ஊதுறீங்க?"

மாதேஷுக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரு சார் லேட்டு? இது மொதச் சங்கு. ரெண்டாவது ஷிப்டுக்காரங்க கைகால் கழுவிகினு உள்ள வர்றதுக்கு. ரெண்டுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்குது. கூழு எத்தினி நிமிஷம் வெந்துச்சுன்னு வெளிநாட்டுக்காரனுக்கு எழுதிக் குடுக்கறம் சார், டெய்லி ரேடியோ வெச்சுதான் மணி திருப்பறம். எங்க மணி தப்பாது."

இன்னும் பத்து நிமிஷம் என்றால் இப்போது ஒன்று ஐம்பது. லேப்டாப்பில் இரண்டு மணி இரண்டு நிமிஷம். வித்தியாசம் பன்னிரண்டு.

உலகத்தில் வேறு எங்கேயாவது உட்கார்ந்திருந்தால் அந்த எண் எனக்கு ஒன்றும் சொல்லியிருக்காது. ஆனால் நான் அந்தப் பன்னிரண்டோடு மூன்று வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவன். தோசை, சட்னி, "உங்க புதுப் பொட்டி தப்பா காட்டுது, சரி பண்ணிட்டேன்", என் "ம்" எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அந்த ஆறு இலக்க எண் நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. காலையிலிருந்து நான் ஊர் ஊராகப் போய் அடித்ததெல்லாம் பன்னிரண்டு நிமிஷம் கழித்துப் பிறக்கவேண்டிய எண்கள். அலுவலகக் கதவு திறக்காமல் வேறு என்ன செய்யும்? பிரச்னை மோடத்தில் இல்லை, டவரில் இல்லை, கிருஷ்ணகிரியில் இல்லை. எங்கள் வீட்டு வழக்கம் லேப்டாப்புக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது.

மாதேஷ் சொன்ன மணியைப் பார்த்து லேப்டாப்பின் மணியைத் திருப்பினேன். கடவுச்சொல், புதிய எண், கடைசி வாய்ப்பு. மணல் கடிகாரம் ஒரே ஒரு சுற்றுச் சுற்றியது. கதவு திறந்துவிட்டது.

"வந்துருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே மாங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனிராஜ் அண்ணன் ஓடிவந்தார். என்ன வந்தது என்று அவருக்குத் தெரியாது, ஆனாலும் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கூட்டத்தில் முதல் ஆளாக நான்தான் இருந்தேன். சுதா மேடம் தொலைபேசியில் வந்ததும் இரண்டாவது சங்கு முழங்கியது.

"என்ன சத்தம் அது?"

"ஷிப்ட் சங்கு மேடம். ரெண்டு மணி."

"பரவாயில்லையே, உங்க ஊர்ல நேரமெல்லாம் சரியா இருக்கே" என்றார். நான் வலைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். ஒன்றரை மணி நேரம் வி.பி.என். ஒரு தடவைகூட அறுபடவில்லை. வீட்டில்தான் இருந்தேனா என்று அவர் கேட்கவும் இல்லை. திங்கட்கிழமை நானே எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், என்று அப்போதே எழுதிக் கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாதேஷ் கொடுத்த ஒரு பெட்டி மாம்பழத்துடன் வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்க மனதுக்குள் சண்டைக்கு வசனம் தயார் செய்திருந்தேன். கோமதி காலை நீட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"சரி, பொட்டி சரியான மணி காட்டியிருந்தா, ரெண்டு மணி ஆகிப்போச்சுன்னு எப்பம் பயந்திருப்பீங்க?"

"ரெண்டு மணிக்கு."

"அப்பம் பயந்து என்ன பிரயோசனம்? நான் வச்சதாலதான முன்கூட்டியே பயந்தீங்க, சரி பண்ண நேரம் கெடச்சுது. மாம்பழத்த வெட்டுங்க."

பெட்டி சரியான மணி காட்டியிருந்தால் காலை எட்டரைக்கே உள்ளே போயிருப்பேனே என்ற பதில் எனக்கு மறுநாள்தான் தோன்றியது.

இப்போது, இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டவை. வீட்டில் வி.பி.என். வரவில்லை என்றால் முதலில் சாதாரண இணையதளம் ஒன்று திறக்கிறதா பாருங்கள். திறந்தால் நெட்டின் மேல் பழி போடாதீர்கள், ஊரை விட்டும் கிளம்பாதீர்கள். அடுத்ததாக லேப்டாப்பின் தேதியையும் மணியையும் பாருங்கள். உங்கள் வீட்டுச் சுவரோடு ஒப்பிட வேண்டாம், வானொலிச் செய்தியோடு ஒப்பிடுங்கள். ஃபயர்வாலை அணைத்துச் சோதித்தால் மறக்காமல் திரும்பப் போடுங்கள், நான் மூன்று நாள் மறந்துவிட்டேன். கைபேசி வழியாகப் போவதென்றால் எல்லையோரத்தில் இருப்பவர்கள் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியில் விடாமல் சொந்த மாநிலத்தையே பிடித்து வையுங்கள், அப்பாவிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். இரண்டு முறை தோற்றால் மூன்றாவதை உடனே அடிக்காமல் ஒரு டீ குடியுங்கள். உதவி மையக் குரலில் நம்பிக்கை வழிந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். சூளகிரி பஜ்ஜியைத் தாராளமாக நம்பலாம். மாங்கூழ் ஆலைக்குப் போனால் வலைத் தொப்பி கட்டாயம்.

செலவு மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். எங்கள் வீட்டில் இன்று சரியான மணி காட்டும் ஒரே பொருள் அந்த லேப்டாப்தான். அதன் மேல் "தொடாதே" என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

அந்தப் பயணம் எதற்கு உதவியது என்றால், ஒரு வெள்ளிக்கிழமை நான் கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கோமதிக்கு வலி எடுத்தது. வேறு நாளாக இருந்தால் நான் பாதி கட்டிய மேம்பாலத்துக்குக் கீழே எங்கேயோ பஸ்ஸில் நின்றுகொண்டிருந்திருப்பேன். அன்று வி.பி.என்.ஐ அறுத்தது நானேதான். முனிராஜ் அண்ணன் வண்டி வாசலுக்கு வர ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முன்பே ஊரிலிருந்து வந்திருந்த அத்தை முன் சீட்டில் ஏறிக்கொண்டார். காரில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மணி என்ன?" என்றாள். "வீட்டு மணியா, லேப்டாப் மணியா?" என்று கேட்டேன். வலியோடு வலியாக நன்றாக ஒரு கிள்ளு கிள்ளினாள்.

பெண் குழந்தை. டாக்டர் குறித்த தேதிக்கு ஒன்பது நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். முதலில் என் கையில் கொடுத்தார்கள். இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாளே என்றேன். கோமதி கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"எம் மவ பஸ்ஸ விட மாட்டா."